இலக்கியத்தை வாசிப்பதும் விமர்சனக் கட்டுரை எழுதுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கத்துக் கல்லூரிகளில் இலக்கியம் படிக்கிற பிள்ளைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பருவத் தேர்வுக் கட்டுரைக்காகக் கேட்பவர்கள் உண்டு, ஆய்வேட்டுக்காகக் கேட்பவர்கள் உண்டு, படித்த கதையை விட மனசு வராமல் கேட்பவர்களும் உண்டு. தமிழ் சொல்லிக்கொடுப்பவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகளை நம் டெல்டாவிலிருந்தே எடுத்திருக்கிறேன். இங்கே அதற்குப் பஞ்சமே இல்லை.

கதை எனக்குப் புரிந்துவிட்டது. அதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது?

என்ன நடந்தது என்பது புரிந்திருக்கிறது. அது ஏன் இந்த வரிசையில், இந்தக் குரலில், இந்த அளவில் சொல்லப்பட்டது என்பதைப் பற்றி இனிமேல்தான் யோசிக்க வேண்டும்.

கும்பகோணத்துக்காரரான கு.ப.ராஜகோபாலன் (1902–1944) எழுதிய ‘விடியுமா?’ சிறுகதையைப் பாருங்கள். தந்தி வருகிறது. குஞ்சம்மாளின் கணவர் சென்னையில் ஆஸ்பத்திரியில் ஆபத்தான நிலையில் இருக்கிறார். அவள் ராத்திரி ரயிலில் கிளம்புகிறாள். கூடப் போகிறவர் கதையைச் சொல்கிறார். நடந்தது இவ்வளவுதான், நாலு வரியில் முடிந்துவிட்டது. ஆனால் கதையின் பெரும்பகுதி ரயில் பெட்டிக்குள்ளேயே ஓடுகிறது. ஆஸ்பத்திரிக்கு நம்மை உடனே கூட்டிப்போகாமல், ராத்திரி முழுக்க ஆசிரியர் ஏன் ரயிலில் உட்கார வைத்தார்? தலைப்பில் கேள்விக்குறி ஏன்? விடிந்தால் சென்னை வந்துவிடும்; சென்னை வந்தால் சேதி தெரிந்துவிடும். விடிய வேண்டும் என்ற தவிப்பும் விடியக் கூடாது என்ற பயமும் ஒரே மனசுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. இப்படி யோசிக்கத் தொடங்கினால் எழுத ஐந்து பக்கம் போதாது.

கதைச்சுருக்கம் எழுதினால் விமர்சனம் ஆகாதா?

ஆகாது. கதையைப் படித்த ஒருவருக்கு அதே கதையைத் திரும்பச் சொல்வதால் அவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. உங்கள் வாதத்துக்குத் தேவையான சம்பவத்தை மட்டும் ஒன்றிரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகருங்கள்.

விமர்சனம் என்றால் குறை கண்டுபிடிப்பதா?

அப்படி ஒரு எண்ணம் பரவலாக இருக்கிறது. ‘விமர்சனம் பண்ணாதே’ என்று வீட்டில் சொல்லிச் சொல்லி வந்தது அது. இலக்கியத்தில் விமர்சனம் என்பது ஒரு படைப்பு எப்படி வேலை செய்கிறது என்று காட்டி, அதன் பேரில் ஒரு முடிவைச் சொல்வது. முடிவு பாராட்டாகவும் இருக்கலாம், மறுப்பாகவும் இருக்கலாம். வலங்கைமானில் பிறந்த க.நா.சுப்ரமண்யம் (1912–1988) தரம் பிரித்துச் சொல்வதை விமர்சகனின் முதல் வேலையாக நினைத்தவர். அவர் போட்ட பட்டியல்களைப் பற்றி இன்றும் சண்டை நடக்கிறது. அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். ஆனால் எழுதப் பழகுகிற ஒருவர் பட்டியலில் தொடங்க வேண்டாம். ஒரே ஒரு படைப்பு, அதில் ஒரே ஒரு சிக்கல் என்று எடுத்துக்கொள்வதே நல்லது.

எப்படி நுணுக்கமாக வாசிப்பது? ஒன்றைச் செய்து காட்டுங்களேன்.

சரி, சிலப்பதிகாரத்தில் கானல்வரி என்ற கடற்கரைப் பாட்டுப் பகுதியை எடுத்துக்கொள்வோம். இடம் புகார்க் கடற்கரை, இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்துப் பூம்புகார். இந்திர விழா முடிந்து கடலாட வந்திருக்கிறார்கள். மாதவி யாழைச் சுருதி கூட்டிக் கோவலன் கையில் கொடுக்கிறாள். அவன் காவிரியைப் பாடுகிறான்:

திங்கள் மாலை வெண்குடையான்
சென்னி செங்கோல் அதுஓச்சிக்
கங்கை தன்னைப் புணர்ந்தாலும்
புலவாய் வாழி காவேரி

காவிரி சோழனின் மனைவி. சோழன் வடக்கே போய்க் கங்கையோடு கூடினாலும் நீ ஊடுவதில்லை, வாழ்க என்கிறான். அதோடு நிற்கவில்லை. அப்படி ஊடாமல் இருப்பது ‘மங்கை மாதர் பெருங்கற்பென்று அறிந்தேன்’ என்று முடிக்கிறான்.

முதல் வாசிப்பில் இது ஆற்று வாழ்த்து. அடுத்த வாசிப்பில், பாடுகிறவன் யார், பக்கத்தில் இருப்பது யார் என்று கேளுங்கள். மனைவி கண்ணகியை வீட்டில் விட்டுவிட்டு மாதவியோடு வாழ்கிறவன் பாடுகிறான், கணவன் வேறொருத்தியிடம் போனாலும் ஊடாமல் இருப்பதே கற்பு என்று. பக்கத்தில் மாதவி கேட்டுக்கொண்டிருக்கிறாள். கண்ணகி அங்கே இல்லை, ஆனால் பாட்டுக்குள் இருக்கிறாள். இந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு நின்றுவிடும்.

இதற்குப் பிறகும் கோவலன் நிறுத்தவில்லை, கடற்கரைப் பெண் ஒருத்தியை வைத்துப் பல பாட்டுகள் பாடுகிறான். இவன் மனசில் வேறு யாரோ இருக்கிறாள் என்று மாதவி எடுத்துக்கொள்கிறாள். அப்போது இளங்கோ எழுதுவதைக் கவனியுங்கள்: ‘கலவியால் மகிழ்ந்தாள்போல் புலவியால் யாழ்வாங்கி’. வெளியே மகிழ்ச்சி காட்டி, உள்ளே ஊடலோடு யாழை வாங்குகிறாள். எது கூடாது என்று அவன் பாடினானோ, அந்த ஊடலோடுதான் அவள் பாடவே தொடங்குகிறாள். அவளும் காவிரியையே எடுக்கிறாள்:

கருங்கயற்கண் விழித்தொல்கி
நடந்த எல்லாம் நின்கணவன்
திருந்து செங்கோல் வளையாமை
அறிந்தேன் வாழி காவேரி

மெட்டு அவனுடையது. ‘கயற்கண்’ அவன் பாட்டில் வந்தது, ‘செங்கோல்’ அவன் பாட்டில் வந்தது, ‘அறிந்தேன் வாழி காவேரி’ என்ற முடிப்பும் அவனுடையதே. மாறியது ஒன்றுதான். கணவன் வேறொருத்தியோடு கூடினாலும் காவிரி ஊடாமல் இருக்கிறாள் என்றால் அதற்குக் காரணம் அவளுடைய கற்பு என்றான் அவன். காவிரி இப்படி அழகாக நடக்கிறாள் என்றால் கணவனின் செங்கோல் வளையாமல் இருப்பதே காரணம் என்கிறாள் இவள். பொறுப்பு மனைவியின் தலையிலிருந்து கணவனின் கைக்குப் போய்விட்டது.

இப்போது உங்களிடம் கட்டுரைக்கான கருத்து ஒன்று இருக்கிறது: ‘கோவலனின் சொற்களையே எடுத்து, அவன் சொன்ன கற்புக்கு மாதவி மறுமொழி சொல்கிறாள்.’ இதை ஒருவர் மறுக்கலாம். அரசனின் செங்கோலைப் புகழ்வது வழக்கமான வாழ்த்து, அதில் மறுமொழி எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். அவள் ‘தானும்ஓர் குறிப்பினள்போல்’, அதாவது தன் மனசிலும் வேறொருவன் இருப்பதுபோல், பாடினாள் என்றே இளங்கோ எழுதுகிறார், அந்தப் ‘போல்’ இருப்பதால் அவளுக்கு உண்மையில் உட்கருத்து எதுவும் இல்லை என்றும் வாதிடலாம். நல்ல மறுப்பு, அதைக் கட்டுரையில் ஒளிக்கக் கூடாது. எடுத்து எழுதிவிட்டுப் பதில் சொல்லுங்கள். என் பதில்: ‘போல்’ சொல்வது அவளுக்கு வேறு காதலன் இல்லை என்பதை. யாழை வாங்கியது ‘புலவியால்’ என்ற சொல்லில் ‘போல்’ ஒட்டவில்லை. காதலன் என்ற பாவனை பொய், ஊடல் மெய். நீங்கள் வேறு பதில் சொல்லலாம். சொல்வதற்கு வரியில் இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பழைய செய்யுள் புரியவில்லை. உரையைப் பார்த்துப் படிக்கலாமா, அது காப்பி அடிப்பது ஆகுமா?

தாராளமாகப் பாருங்கள். உரை இல்லாமல் சிலம்பைப் படித்தவர் யாரும் இல்லை. உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் வேலை பார்த்த காலத்தில்தான் 1892-இல் சிலப்பதிகாரத்தைப் பழைய உரைகளோடு அச்சேற்றினார். அதில் ஒரு செய்தி நமக்கு முக்கியம். அடியார்க்கு நல்லாரின் விரிவான உரை கானல்வரிக்குக் கிடைக்கவில்லை. பழைய உரைகளில் அரும்பத உரை என்ற சுருக்கமான குறிப்புரைதான் உண்டு. பிற்காலத்தில் தஞ்சாவூருக்குப் பக்கத்து நடுக்காவேரியில் பிறந்த ந.மு.வேங்கடசாமி நாட்டார் முழு நூலுக்கும் உரை எழுதினார். தெளிவான உரை, மாணவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது அதுதான்.

உரையிலிருந்து சொற்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். உரைகாரர் ஒரு கருத்தைச் சொல்லியிருந்தால் அவர் பெயரைச் சொல்லி எழுதுங்கள். அவரோடு உடன்படாத இடம் வந்தால் அதுவே உங்கள் கட்டுரைக்கு நல்ல தொடக்கம்.

நான் இந்த ஊர்க்காரன். ஊரைத் தெரிந்திருப்பது வாசிப்புக்கு உதவுமா?

உதவும், ஓரளவுக்கு. அதே பாட்டின் மூன்றாவது பகுதியில் கோவலன் ‘உழவர் ஓதை மதகுஓதை உடைநீர் ஓதை’ என்று பாடுகிறான். ஓதை என்றால் சத்தம். மேட்டூர் திறந்து வாய்க்காலில் முதல் தண்ணீர் வரும்போது மதகடியில் நின்று கேட்ட பிள்ளைக்கு இந்த அடி காதில் விழும். மதகுக்குள் நெருக்கிக்கொண்டு பாய்கிற சத்தம் வேறு, வரப்பை உடைத்துக்கொண்டு போகிற நீரின் சத்தம் வேறு. கடைமடைப் பிள்ளைகள் இதைச் சட்டென்று சொல்லிவிடுவார்கள். தொடர்ந்து வரும் ‘தண்பதங்கொள் விழவர்’ (புதுப்புனல் விழாக் கொண்டாடுகிறவர்கள்) என்பதைப் பதினெட்டாம் பெருக்குக்குப் படித்துறையில் கூடியவர்கள் எளிதாகப் பிடித்துக்கொள்வார்கள்.

ஆனால் ‘இது எங்க ஊர்’ என்ற பெருமையோடு கட்டுரை நின்றுவிடுகிறது. தி.ஜானகிராமன் (1921–1982) பற்றி வரும் கட்டுரைகளில் பாதி இப்படித்தான் இருக்கின்றன. அக்ரஹாரம், காவிரிப் படித்துறை, காபி, சங்கீதம் என்று வரிசையாக எழுதிவிட்டு, தஞ்சை மண்ணின் மணம் வீசுகிறது என்று முடித்துவிடுகிறார்கள். மணம் வீசட்டும். ‘அம்மா வந்தாள்’ (1966) நாவலில் அப்பு வேதம் படிக்கும் பாடசாலை காவிரிக் கரையில் இருக்கிறது, அவன் பெற்றோர் வீடு சென்னையில் இருக்கிறது. அம்மா அலங்காரம் வேறொருவரோடு வைத்திருக்கும் ரகசிய உறவு சென்னையில். பிள்ளையை வேதம் படிக்க வைத்துத் தன் பாவத்தைக் கழுவிக்கொள்ளலாம் என்று அவள் நம்பி அனுப்பிய இடம் காவிரிக் கரை. அப்படியானால் அந்த ஆற்றங்கரை நாவலில் உண்மையிலேயே தூய்மையான இடமா? அங்கேயும் அப்புவை விரும்பும் இளம் விதவை இந்து இருக்கிறாள், அவளுடைய ஆசையும் இருக்கிறதே? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் காவிரிக் கரைக்கு நாவலில் என்ன வேலை என்று தெரியும். திண்ணையையும் படித்துறையையும் பட்டியல் போட்டால் தெரியாது.

எழுத்தாளரின் வாழ்க்கையை வைத்துப் படைப்பை விளக்கலாமா?

எச்சரிக்கையாகச் செய்யுங்கள். கானல்வரியிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. கோவலன் பாட்டைக் கேட்டு அவன் மனசில் வேறொருத்தி என்று மாதவி முடிவு கட்டினாள். மாதவி பாட்டைக் கேட்டு, அவள் வேறொருவன் மேல் மனம் வைத்து ‘மாயப்பொய் பலகூட்டும் மாயத்தாள்’ என்று கோவலன் முடிவு கட்டினான். எழுந்து போய்விட்டான். இருவரும் பாட்டைப் பாடியவரின் வாழ்க்கையாக வாசித்தார்கள். பாட்டில் இருப்பதும் பாடுகிறவரிடம் இருப்பதும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

எம்.வி.வெங்கட்ராமின் ‘காதுகள்’ (1993-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது) போன்ற நாவலில் ஆசிரியரின் சொந்த அனுபவம் கலந்திருப்பது ஊரறிந்த செய்தி. அங்கேயும் ‘இது அவருக்கு நடந்தது’ என்று சொல்வதால் விளக்கம் கிடைத்துவிடாது. காதுக்குள் கேட்கிற குரல்களை வாசகன் நம்பும்படி எப்படி எழுதினார் என்று எழுதுங்கள்.

உண்மைச் சம்பவத்தை வைத்து எழுதிய நாவலை எப்படி மதிப்பிடுவது?

இதுதான் மிகக் கடினமான கேள்வி. டெல்டாவில் இதைத் தவிர்க்கவும் முடியாது.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். இந்திரா பார்த்தசாரதி இதைப் பின்னணியாக வைத்துக் ‘குருதிப்புனல்’ எழுதினார், அதற்கு 1977-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நாவலில் நிலக்கிழாரின் கொடூரத்துக்கு வேராக அவருடைய ஆண்மைக் குறைபாடு காட்டப்படுகிறது. இடதுசாரி விமர்சகர்கள் கடுமையாக மறுத்தார்கள். கூலிக்கும் சாதிக்கும் நிலத்துக்கும் நடந்த போராட்டம் ஒரு தனி மனிதனின் மன நோயாகச் சுருங்கிவிட்டது என்பது அவர்கள் வாதம். மனித மனத்தின் இருட்டைக் காட்டுவது நாவலாசிரியரின் உரிமை என்றவர்களும் இருந்தார்கள். பிறகு சோலை சுந்தரபெருமாள் அதே சம்பவத்தை வைத்துச் ‘செந்நெல்’ எழுதினார்.

என் கருத்தைக் கேட்டால், முதல் மறுப்பில் நியாயம் இருக்கிறது என்பேன். ஆனால் மாணவர் கட்டுரையில் அந்த மறுப்பை அப்படியே திருப்பி எழுதினால் அது கேட்டதைச் சொன்னதாகத்தான் இருக்கும். நாவலைத் திறந்து பாருங்கள். நிலக்கிழாரின் மனத்துக்குள் போவதற்கு எத்தனை பக்கம் செலவழிந்திருக்கிறது? கொல்லப்படப் போகிறவர்களின் மனத்துக்குள் போவதற்கு எத்தனை? யாருக்குப் பெயர் இருக்கிறது, யார் வெறும் கூட்டமாக வருகிறார்கள்? பக்கத்தைக் காட்டிப் பேசினால் உங்கள் முடிவு எதுவானாலும் மதிப்பு உண்டு. இன்னொன்றும் உண்டு. இந்த 44 பேரும் வாழ்ந்தவர்கள். அவர்கள் உறவினர்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். அதை மனசில் வைத்து எழுதுங்கள்.

கோட்பாடு, கலைச்சொல் எல்லாம் சேர்த்தால்தான் கட்டுரைக்குக் கனம் வருமா?

வாசிப்பில் நீங்களாகக் கண்டதற்குப் பெயர் தேவைப்படும்போது கலைச்சொல் உதவும். ஒவ்வொரு நிலத்துக்கும் ஓர் உணர்வைச் சொல்லும் திணைக் கோட்பாட்டைப் பாருங்கள். வயல் நிலமான மருதத்துக்கு உரியது ஊடல், நெய்தலுக்கு உரியது இரங்கல். கோவலன் உட்கார்ந்து பாடுவது கடற்கரையில், அதாவது நெய்தலில். பாடுவது ஆற்றையும் ஊடலையும், அதாவது மருதத்தை. மருதத்துப் பொருள் நெய்தல் நிலத்துக்கு வந்து, பிரிவில் முடிகிறது, அன்று எழுந்து போனவன் மாதவியிடம் திரும்பவே இல்லை. ஆறு கடலில் கலக்கும் புகாரை இளங்கோ இந்தக் காட்சிக்கு வைத்திருப்பதில் இன்னும் அர்த்தம் கூடுகிறது. திணை என்ற கருவி இல்லாமல் இதைச் சொல்லியிருக்க முடியாது. இப்படி வேலை செய்தால் வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணியம், பின்நவீனத்துவம், உளப்பகுப்பாய்வு எல்லாவற்றுக்கும் இதே அளவுகோல்தான்.

முதல் பத்தியை எப்படித் தொடங்குவது?

வழக்கமாக வருவது இது: ‘தமிழ் இலக்கியம் தொன்மையும் செம்மையும் வாய்ந்தது. ஐம்பெருங்காப்பியங்களுள் தலைசிறந்தது சிலப்பதிகாரம். இதை இயற்றியவர் இளங்கோவடிகள். இக்காப்பியத்தில் கானல்வரி சிறப்பிடம் பெறுகிறது.’ நாலு வாக்கியம் போயிற்று, இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இதே நாலு வாக்கியத்தை எந்தக் காப்பியத்துக்கும் பெயர் மாற்றி ஒட்டலாம்.

அதற்குப் பதிலாக: ‘கானல்வரியில் கோவலனும் மாதவியும் ஒரே மெட்டில் காவிரியைப் பாடுகிறார்கள். இருவரும் “அறிந்தேன்” என்று முடிக்கிறார்கள். அவன் அறிந்தது மனைவியின் கற்பு, அவள் அறிந்தது கணவனின் செங்கோல். இந்த வேறுபாடு அவர்கள் பிரிவுக்கு வித்திட்டது என்பது என் வாதம்.’ படிக்கிறவர் நிமிர்ந்து உட்கார்வார். ஒப்புக்கொள்ளலாமா வேண்டாமா என்று அப்போதே யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

முதல் பத்தியைக் கடைசியில் எழுதுவதிலும் தப்பில்லை. நடுப்பகுதியை எழுதும்போதுதான் நமக்கே நம் கருத்து தெளிவாகும்.

மேற்கோள் எவ்வளவு கொடுக்கலாம்?

நீங்கள் பேசப்போகிற அளவுக்கு. எட்டு அடியை எழுதிவிட்டு ‘இவ்வாறு கவிஞர் அழகுறப் பாடுகிறார்’ என்று நகர்ந்தால் அந்த எட்டு அடியும் பக்கத்தை நிரப்பியதோடு சரி. இரண்டு அடி கொடுத்து, அவற்றைப் பற்றி ஆறு வரி எழுதுங்கள்.

கைடு, நோட்ஸ், செயற்கை நுண்ணறிவு?

அகராதியாக, தகவலைச் சரிபார்க்கப் பயன்படுத்துங்கள், அதுவும் மூல நூலோடு ஒப்பிட்டு. பழைய செய்யுளில் இவை இல்லாத அடிகளைச் சேர்த்துவிடுவது உண்டு. உங்களுக்கு எந்த வரி உறுத்தியது என்று எந்தக் கைடும் சொல்லாது.

என் கருத்து ஆசிரியருக்குப் பிடிக்கவில்லை என்றால் மதிப்பெண் குறையுமா?

குறைக்கிறவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலான ஆசிரியர்கள், ஆதாரத்தோடு வந்த மறுப்பைச் சந்தோஷமாகவே படிப்பார்கள். எழுதுவதற்கு முன் அவரிடம் போய், ‘ஐயா, இந்த அடியை நான் இப்படிப் பார்க்கிறேன், சரியா?’ என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்கிற தடையை வாங்கிவந்து கட்டுரைக்குள்ளேயே பதில் எழுதுங்கள்.

நூல்கள் எங்கே கிடைக்கும்?

கல்லூரி நூலகத்தில் முதலில் கேளுங்கள். சிலம்பு உரைகள் அநேகமாக எல்லாத் தமிழ்த் துறைகளிலும் இருக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் சிலப்பதிகாரம் உரையோடு இலவசமாகக் கிடைக்கிறது. ஆய்வு செய்கிறவர்கள் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போகலாம். சுவடியையே பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சரசுவதி மகால் இருக்கிறது. கடன் வாங்கிய புத்தகத்தில் கோடு போடாதீர்கள். கானல்வரியை ஜெராக்ஸ் எடுத்து, ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டே படியுங்கள், முதலில் ஒருமுறை வாய்விட்டு.